ஐந்தில் இரண்டு தோட்டா வெடிக்காத .315 ரைஃபிள்: ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்

கேள்வியின் சுருக்கம் இது. மலைத்தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா உரிமம் பெற்று வைத்திருந்த .315 ரைஃபிள், அவருக்குப் பின் முறைப்படி மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. தேர்தலை முன்னிட்டுச் சில மாதங்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றதிலிருந்து ஐந்து தோட்டாக்களில் இரண்டு வெடிப்பதில்லை. அவற்றின் அடியில் வெடிமருந்து வைத்த சிறு மூடியான கேப்பில் மெல்லிய குழி மட்டும் விழுகிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி, கேப்பை அடிக்கும் தண்டான ஸ்ட்ரைக்கரின் முனையை அரத்தால் கூராக்கித் தருவதாகச் சொல்கிறார். கடைசி வரியாக, "முன்பு விசையை இரண்டு கட்டமாக இழுக்க வேண்டியிருந்தது, இப்போது லேசாகத் தொட்டாலே விழுகிறது, அது ஒருவகையில் வசதியாகத்தான் இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. வெடிக்க வேண்டியபோது வெடிக்காத துப்பாக்கி ஒரு தொல்லை. வெடிக்கக் கூடாதபோது வெடிக்கும் துப்பாக்கி ஓர் ஆபத்து. உங்களிடம் இப்போது இரண்டு பழுதுகள் இருக்கின்றன, இரண்டாவதை நீங்கள் பழுதாகவே எண்ணவில்லை. கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு விசைக்கு வருகிறேன். அதுவரை அந்த ரைஃபிளில் தோட்டா போட வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படும் .315 ரைஃபிளின் உடலும் போல்ட்டும், 1907-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மூன்றாம் மார்க் லீ-என்ஃபீல்டின் உடலும் போல்ட்டும்தான். படையினர் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று அன்றைய அரசு கருதியதால், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மேன்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்பக் குழல் மாற்றப்பட்டது. அதே காரணத்தை ஒட்டி, காவல்துறைக்காக இதே உடலில் .410 மஸ்கட்டும் செய்தார்கள். ஆகவே லீ-என்ஃபீல்டின் சுடும் பொறியைப் பற்றிப் படைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர்கள் நூறு ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி உங்கள் ரைஃபிளுக்கும் பொருந்தும். தோட்டாவின் அளவைச் சார்ந்த எண்கள் மட்டும் பொருந்தா.

அந்தப் பொறி எளிமையானது. போல்ட் என்பது குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும், உள்ளே துளையுள்ள ஓர் உருளை. அதன் முன்முனையில் போல்ட் தலை தனியாக மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். உள்ளே நீளமான ஸ்ட்ரைக்கர் ஓடுகிறது. அதைச் சுற்றி மெயின் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரின் பின்முனை, வெளியே தெரியும் காக்கிங் பீஸுக்குள் திருகப்பட்டு, ஒரு சிறு ஸ்குருவால் நகராமல் பூட்டப்பட்டிருக்கும். பழைய நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் குதிரை என்று சொல்லும் இடத்தில் இங்கே இருப்பது இந்தக் காக்கிங் பீஸ்தான். அதன் அடியில் உள்ள படியைச் சியர் என்ற தடைக்கொக்கி பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்தால் கொக்கி இறங்கி, ஸ்பிரிங் ஸ்ட்ரைக்கரை முன்னே தள்ளி, தோட்டாவின் கேப்பை அடிக்கிறது.

மௌசர் 98 போன்ற ரைஃபிள்களில் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் முழுவதும் இறுகிவிடும். லீ-என்ஃபீல்டில் அப்படியல்ல, போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் சியர் காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்த, போல்ட் அதைத் தாண்டி முன்னேற, ஸ்பிரிங் இறுகுகிறது. இந்த வேறுபாடு உங்கள் பழுதுக்கு நேரடியாகத் தொடர்புடையது. மூடும் வேலையும் ஸ்பிரிங்கை இறுக்கும் வேலையும் ஒரே அசைவில் நடப்பதால், கடைசிக் கட்டத்தில் கைப்பிடியை முழுவதும் கீழே அழுத்தாமல் விட்டுவிடுவது எளிது. கைப்பிடி சிறிதளவு உயர்ந்திருந்தாலும், காக்கிங் பீஸின் பக்கவாட்டு மேடு போல்ட்டின் சாய்ந்த விளிம்பில் மோதி, அடியின் பலத்தில் ஒரு பங்கைப் போல்ட்டைத் திருப்பி மூடுவதில் செலவழித்துவிடும். கேப்பில் மெல்லிய குழி விழுந்திருக்கும். சுட்டவர் குனிந்து பார்க்கும்போது கைப்பிடி ஒழுங்காகக் கீழே இருக்கும். எத்தனையோ பேர் இதனால் ஸ்பிரிங்கைப் பழித்திருக்கிறார்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் அழுக்கு சேர்ந்திருந்தாலோ, தோட்டாவின் விளிம்பு தடித்திருந்தாலோ கைப்பிடி கடைசி இம்மியில் தயங்கும். அப்படித் தயங்குகிறதா என்று முதலில் கவனியுங்கள்.

அடுத்து, வெடிக்காத தோட்டாக்களின் கேப்பைப் படிக்க வேண்டும். வெடித்த தோட்டாவின் வெற்றுறை ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். வெடிக்காததிலும் குழி நடுவில், அதே ஆழத்தில் இருந்தால் ரைஃபிள் தன் வேலையைச் செய்திருக்கிறது, குற்றம் தோட்டாவுடையது. பழைய இருப்பாகவோ, ஈரமான அலமாரியில் கிடந்ததாகவோ இருக்கலாம்; வேறு தொகுதித் தோட்டா வாங்குவதோடு கதை முடிந்தது. நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஆழமில்லை என்றால் அடி பலவீனம். நீங்கள் சொல்வது இந்த வகை. குழி ஓரத்தில் விழுந்திருந்தால் ஸ்ட்ரைக்கர் வளைந்திருக்கலாம், அல்லது போல்ட் தலை இந்த ரைஃபிளுக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். கேப்பு துளைபட்டிருந்தால் ஸ்ட்ரைக்கர் முனை அளவுக்கு மீறி நீண்டோ கூர்மையாகவோ இருக்கிறது; அதற்குமேல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, குறைந்தது அரை நிமிடமாவது அப்படியே காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா அரிது. ஆனால் அது திறந்த போல்ட்டில் வெடித்தால் முகத்துக்கு நேராக வெடிக்கும்.

பலவீனமான அடிக்கு, மாதக்கணக்கில் சும்மா கிடந்த துப்பாக்கியில் நான் முதலில் சந்தேகிப்பது ஸ்பிரிங்கை அல்ல, போல்ட்டுக்குள் இருக்கும் கிரீஸை. ஒப்படைக்கும் முன் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் யாரோ கிரீஸையோ தேங்காயெண்ணெயையோ தாராளமாகப் பூசிவிடுவார்கள். தேங்காயெண்ணெய் குளிர்ந்தால் உறையும் என்பது நம் சமையலறைக்கே தெரியும். மலைக்குளிரில் போல்ட்டுக்குள்ளும் அதுதான் நடக்கும். கிரீஸும் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடும். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் அந்தப் பிசின் நிறைந்திருந்தால் ஸ்ட்ரைக்கர் நீந்திக்கொண்டு போய்த்தான் கேப்பைத் தொடும். போல்ட் தலையின் உட்குழியில் அழுக்கு இறுகியிருந்தால் முனை முழு நீளத்துக்கு வெளியே வரவே வராது. காலையில் வெடிக்காத தோட்டா நண்பகலில் வெடிக்கிறது என்றால் காரணம் ஏறத்தாழ உறுதி.

வீட்டில் உரிமையாளர் செய்யத்தக்க வேலை இந்தச் சுத்தம்தான். அதிலும் ஒரு வரம்பு உண்டு. மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிய பிறகு போல்ட்டை வெளியே எடுங்கள். போல்ட் தலையைத் திருகிக் கழற்றி, உட்புறத்தை மண்ணெண்ணெயால் அலசி, ஸ்ட்ரைக்கரின் முன்பகுதியையும் ஸ்பிரிங்கின் தெரியும் பகுதியையும் அழுக்கு நீர் வராத வரை கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் துடைப்பது போதும். இதற்குமேல் ஸ்ட்ரைக்கரைக் கழற்றுவதற்கென்று தனிக்கருவி உண்டு. முன்புறத்திலிருந்து உள்ளே விட்டு, ஸ்ட்ரைக்கரின் வளையத்தைப் பிடித்துத் திருப்பும் குழாய் போன்ற கருவி. அது இல்லாமல் காக்கிங் பீஸை வைஸில் பிடித்து முறுக்கி, மரையைக் கெடுத்துக்கொண்டு வந்த போல்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். திரும்ப மாட்டும்போது போல்ட் தலையைக் கடைசி வரை திருகியிருக்கிறோமா என்று சரிபாருங்கள்; அவசரத்தில் ஒரு சுற்றுக் குறைவாக விட்டுவிடுவது நடக்கிற பிழை. போல்ட்டின் கைப்பிடியில் பொறித்த எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் அப்போதே பாருங்கள். பல துப்பாக்கிகள் ஒன்றாகச் சுத்தம் செய்யப்படும் இடங்களில் போல்ட்டுகள் இடம் மாறுவது புதிதல்ல.

எண் மாறியிருந்தால் பிரச்சினை வேறு வகையானது. விளிம்புள்ள தோட்டாவில், போல்ட் தலைக்கும் அறையின் வாய்க்கும் இடையே விளிம்பு உட்காரும் இடைவெளி மிக நுட்பமான அளவு. .303-க்கு அது 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது படை ஆர்மரர்களின் கணக்கு. உங்கள் .315-க்கு அதற்குரிய கேஜ் என்ற அளவுக்கருவி கொண்டுதான் அளக்க வேண்டும், .303 கேஜைப் பயன்படுத்தக் கூடாது. இடைவெளி கூடினால், அடி விழும்போது தோட்டா முன்னே நகர்ந்து அடியின் பலத்தை வாங்கிக்கொள்ளும். வெடிக்கும்போதோ உறை அடிப்பகுதியில் நீண்டு கிழியலாம். மெல்லிய குழி என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் கிரீஸும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம் என்பதால்தான் அளக்காமல் பாகம் மாற்றக் கூடாது என்கிறேன்.

இனி உங்கள் நண்பரின் இரண்டு யோசனைகள். இழுத்து நீட்டிய ஸ்பிரிங் இரண்டு நாள் வேலை செய்யும். பதப்படுத்திய எஃகை அதன் எல்லைக்கு மேல் இழுத்தால் அதன் உள்ளமைப்பு தளர்கிறது. சில நூறு முறை இறுகித் தளர்ந்தபின் பழைய நீளத்துக்கோ அதற்கும் குறைவாகவோ அது உட்கார்ந்துவிடும். சிலர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போடுவார்கள். அது இன்னும் மோசம். ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நிலை முன்னதாகவே வந்து, போல்ட் முழுவதும் மூடாமல், நான் மேலே சொன்ன அரைகுறை மூடலில் கொண்டுபோய் விடும். ஸ்பிரிங் உண்மையிலேயே சோர்ந்திருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதே தொழிற்சாலையின் புதிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்து நீளத்தையும், அழுத்தினால் தாங்கும் எடையையும் ஒப்பிடுவது. குறைந்திருந்தால் மாற்றுங்கள். விலையில் மலிவான பாகம் அது. அதைக் காப்பாற்ற முயல்வதில் பொருளில்லை.

ஸ்ட்ரைக்கர் முனையைக் கூராக்குவது பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கேப்பை வெடிக்கச் செய்வது குத்து அல்ல, அடி. முனை அரைக்கோளமாக, மழமழப்பாக இருந்தால்தான் கேப்பின் மெல்லிய உலோகம் கிழியாமல் உள்வாங்கி, உள்ளே இருக்கும் மருந்தைப் பின்புறத் தாங்கியோடு சேர்த்து நசுக்கும். கூர்முனை அந்த உலோகத்தைத் துளைத்துவிடும். அறைக்குள் எழும் அழுத்தம் அந்த ஊசித்துளை வழியாகப் போல்ட்டுக்குள் பாய்ந்து பின்னோக்கி வரும். லீ-என்ஃபீல்டில் அப்படிக் கசியும் வாயு வெளியேற வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது விபத்துக்கான ஏற்பாடு, நாமே வரவழைத்துக்கொள்வதற்கானது அல்ல. மேலும், அரத்தால் தேய்த்தால் முனையின் நீளமும் குறைகிறது. படைக்கல லீ-என்ஃபீல்டில் போல்ட் தலையின் முகத்துக்கு வெளியே முனை 0.040 முதல் 0.050 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.27 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்க வேண்டும். நான்கில் ஒரு மில்லிமீட்டர்தான் மொத்த இடம். அரத்தை நாலு முறை ஓட்டினால் அது போய்விடும், பிறகு ஒரு தோட்டாவும் வெடிக்காது.

முனையின் நீட்சியை அளப்பது ஆழம் அளக்கும் கேஜ் இருந்தால் சில நிமிட வேலை. குறைவாக இருந்தால் அழுக்கா, தேய்மானமா, ஸ்ட்ரைக்கர் காக்கிங் பீஸுக்குள் சரியான அளவு திருகப்படவில்லையா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சரியாகத் திருகிய ஸ்ட்ரைக்கரின் பின்முனை காக்கிங் பீஸின் பின்முகத்தோடு சமமாக நிற்கும். பூட்டும் ஸ்குரு அதன் வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்குரு தளர்ந்து, ஸ்ட்ரைக்கர் தானாகத் திரும்பிப்போன ரைஃபிள்களும் உண்டு. பழைய தோட்டாக்களைச் சுட்ட ரைஃபிளாக இருந்தால் முனையிலும் போல்ட் தலையின் துளையிலும் அரிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய கேப்புகளின் மருந்தில் இருந்த குளோரேட் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் அது கரையாது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றியது இதனால்தான். தலைமுறை தலைமுறையாக எண்ணெயை மட்டும் நம்பியவர்களின் துப்பாக்கிகள் உள்ளே குழி விழுந்து கிடக்கின்றன.

இப்போது விசைக்கு வருவோம். லீ-என்ஃபீல்டின் விசை இரண்டு கட்டமாக இழுபடுவது குறை அல்ல, திட்டமிட்ட பாதுகாப்பு. விசையின் மேல்முனையில் இரண்டு மேடுகள் இருக்கின்றன. முதல் மேடு சியரை அதன் ஆழமான பிடிப்பிலிருந்து பாதிவரை இறக்குகிறது. இரண்டாவது மேடு மீதியை விடுவிக்கிறது. படை அளவுப்படி முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டும், இரண்டாவது 5 முதல் 6½ பவுண்டும் இருக்க வேண்டும். முதல் கட்டம் காணாமல் போய்விட்டது என்றால், விசையைத் தொடாமலே சியர் ஏற்கெனவே பாதி இறங்கிய நிலையில் காக்கிங் பீஸை நுனியில் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

எப்படி இப்படி ஆகும்? உங்கள் ரைஃபிளில் விசை, உடலில் தொங்கவில்லை. கீழே இருக்கும் விசைக்காப்பில் ஓர் ஆணியால் தொங்குகிறது. சியரோ உடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மரக்கட்டை. மழைக்காட்டு ஈரத்தில் வளர்ந்து பழகிய கட்டை, மாதக்கணக்கில் வறண்ட அறையில் கிடந்தால் சுருங்கும்; சுருங்கியது தெரியாமல் ஸ்குருவை யாராவது இறுக்கினால் விசைக்காப்பு மேலே ஏறி, விசையின் மேடுகள் சியரின் மேல் நிரந்தரமாக அழுந்தும். பிரிட்டிஷார் இந்தக் குறையைப் புரிந்துகொண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நான்காம் எண் ரைஃபிளின் இரண்டாம் மார்க்கில் விசையை உடலிலேயே தொங்கவிட்டார்கள். உங்களுடையதில் பழைய ஏற்பாடுதான். இதற்குத் தீர்வு, கட்டை விசைக்காப்போடு உட்காரும் இடத்தைச் சரிசெய்வதும், முன் ஸ்குருவின் மேல் இருக்கும் சிறு வளையத்தின் உயரம் கட்டைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும். இது மரவேலை. சியரையோ காக்கிங் பீஸின் படியையோ அரம் தொட வேண்டிய தேவையே இல்லை. தொட்டால் மேற்புறம் மட்டும் கடினப்படுத்திய அந்த உலோகத்தின் தோல் போய், உள்ளே இருக்கும் மென்மையான பகுதி சில வாரங்களில் தேயும்.

இந்தப் பழுதைச் சோதிக்க, தோட்டா அறவே இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்த பிறகு, போல்ட்டைப் பலமாக, வேகமாக மூடுங்கள். காக்கிங் பீஸ் பின்னாலேயே நிற்க வேண்டும். அடிக்கட்டையை ரப்பர் விரிப்பின்மேல் தட்டிப் பாருங்கள். அப்போதும் விழக் கூடாது. பிறகு பாதுகாப்புக் கொக்கியைப் போட்டு விசையை இழுத்து விடுங்கள். விரலை எடுத்தபின் கொக்கியை விடுவியுங்கள். அந்த நொடியில் காக்கிங் பீஸ் தானாக முன்னே பாய்ந்தால், காட்டுப் பாதையில் பன்றியைக் கண்டு கொக்கியை விடுவிக்கும் கணத்தில் உங்கள் ரைஃபிள் விரலைக் கேட்காமலே சுடும் என்று அர்த்தம். மூன்றில் எதில் தோற்றாலும் அதை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக, இந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தயாரிப்புக்கும் விற்பனைக்கும் போலவே பழுதுபார்ப்புக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ஆயுதம் என்ற சொல்லின் வரையறைக்குள் அதன் பாகங்களும் அடங்கும். ஆகவே தெரிந்தவரிடமிருந்து ஒரு பழைய போல்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் சிக்கலே. உங்கள் நண்பர் எவ்வளவு திறமையான லேத்காரராக இருந்தாலும் இந்த வேலை அவருடையதல்ல. அவரையும் வழக்கில் இழுத்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் உங்கள் உரிமத்தோடு ரைஃபிளைக் கொண்டுபோங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வெடிக்காத தோட்டாக்களைப் பற்றி முன்பே தொலைபேசியில் சொல்லி, அவற்றை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். வெடித்தவற்றின் வெற்றுறைகளை அவசியம் எடுத்துச் செல்லுங்கள். "சரிசெய்து கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், ஸ்ட்ரைக்கர் நீட்சி, விளிம்பு இடைவெளி, இரண்டு இழுப்புகளின் எடை ஆகியவற்றை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளவுக் கருவியே இல்லை, கைப்பக்குவம் போதும் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். திரும்ப வந்தபின், அனுமதி பெற்ற சுடுதளத்தில் ஒரே தொகுதியைச் சேர்ந்த பத்துத் தோட்டாக்களைச் சுட்டு, வெற்றுறைகளை வரிசையாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். பத்திலும் குழி நடுவில், ஒரே ஆழத்தில், விளிம்பு மழுங்கி இருக்க வேண்டும்.